சிங்கப்பூரா, ஸ்டுட்கார்ட்டா?

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளர். கணவர் பிசியோதெரபிஸ்ட், சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு. சர்க்கரை நோய் உள்ள மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். சிங்கப்பூரில் மாதம் 9,000 சிங்கப்பூர் டாலருக்கும், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆண்டுக்கு 65,000 யூரோவுக்கும் ஒரே வாரத்தில் வேலை வந்திருக்கிறது. இங்கே வீட்டுக் கடன் தவணை மாதம் 38,000 ரூபாய். இணையத்தில் ஒப்பிட்டால் சிங்கப்பூரில் செலவு அதிகம் என்கிறது, ஆனால் சம்பளமும் அங்கேதான் அதிகம். எங்கே போனால் வாழ்க்கைத் தரம் நன்றாக இருக்கும்? 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். — கோவை வாசகி

பதில்: வாழ்த்துகள். வெளிநாடு போகும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை, இரண்டு வேலைக் கடிதம் கையில் இருக்கும்போது தூக்கம் வராது என்பதும் தெரியும்.

நீங்கள் பார்த்த ஒப்பீட்டுத் தளங்களிலிருந்தே தொடங்குகிறேன். நம்பியோ போன்ற தளங்களில் நியூயார்க் நகரத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். விலைகளை உள்ளிடுவது உங்களையும் என்னையும் போன்ற பயனர்கள்தான். விலை ஒப்பிடும் அந்தப் பொருள் பட்டியலில் பீர் பாட்டிலும் சிகரெட் பாக்கெட்டும் இருக்கின்றன. உங்கள் அத்தையின் சர்க்கரை மாத்திரை அதில் இல்லை, மகளின் பள்ளி வேன் இல்லை. மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியல் இன்னொரு வகை. வெளிநாட்டுக்குத் தம் ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள் எவ்வளவு படி கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காகத் தயாரிப்பது அது. உங்களை யாரும் அனுப்பவில்லை, நீங்களாகப் போகிறீர்கள். வீட்டு வாடகைப் படியோ பள்ளிக் கட்டணமோ உங்கள் இரண்டு கடிதத்திலும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அதனால் அந்தப் பட்டியலில் எந்த ஊர் எத்தனையாவது இடம் என்பது உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது.

அதற்குப் பதிலாகப் போன மாதத்து வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதும் பழக்கம் இல்லையென்றால் ஜிபே வரலாறு போதும். ஒவ்வொரு வரியாக, இது அங்கே என்ன விலை, அல்லது அங்கே இந்தச் செலவே கிடையாதா, அல்லது இங்கே இல்லாத புதுச் செலவு எது என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டே போக வேண்டும். இன்னொன்று, ரூபாயில் பெருக்காதீர்கள். காபி 4 யூரோ என்றால் உடனே 400 ரூபாயா என்று நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சம்பளமும் யூரோவில், காபியும் யூரோவில். மாதக் கடைசியில் மிஞ்சுவதை மட்டும் பெருக்கினால் போதும், ஏனென்றால் கோவைக்கு வந்து சேர்வது அது மட்டும்தான்.

முதலில் சிங்கப்பூர். 9,000 டாலரில் சிபிஎஃப் என்ற ஓய்வுக்கால சேமிப்புப் பிடித்தம் உங்களுக்கு இருக்காது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வரியையும் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் ஆண்டு முழுச் சம்பளம் கையில் வரும், எல்லாவற்றையும் செலவழித்துவிடுவார்கள், அடுத்த ஆண்டு வரி ரசீது வரும்போது விழிப்பார்கள். ஆண்டுக்கு 1,08,000 டாலர் வருமானத்துக்குக் கணவர், மகள் சலுகைகள் போக ஏறக்குறைய 5,800 டாலர் வரி. மாதம் 500 என்று தனியாக எடுத்து வைத்துவிட்டால் ஆக, செலவுக்கு 8,500.

வாடகைதான் பெரிய அடி. அங்குள்ள தமிழர்கள் வீவக வீடு என்று சொல்லும் அரசு அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வேண்டுமென்றால் 2,800 முதல் 3,000 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பள்ளி. அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் உறுதி இல்லை. இடையில் சேர்வதென்றால் ஏஇஐஎஸ் என்ற தேர்வு எழுதி, இடமிருந்தால்தான் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் சிபிஎஸ்இ பாடத்திட்டம் உள்ள இந்தியப் பள்ளி. கட்டணம் மாதம் 1,000 டாலரைத் தாண்டும், நான் 1,400 என்று வைக்கிறேன். சாப்பாடு, மளிகை 1,000. மின்சாரம், தண்ணீர், போன், இணையம் 300. பேருந்து, எம்ஆர்டி ரயில் 250. மருத்துவம் 250 (உங்கள் நிறுவனத்தின் காப்பீடு குடும்பத்துக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்). துணிமணி, ஊருக்கு வந்துபோவது, கோயில், நண்பர் வீட்டு விசேஷம் எல்லாம் சேர்த்து 700. கார் கணக்கிலேயே வேண்டாம், கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டின் விலையே அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் டாலரைத் தொட்டது. கூட்டினால் 6,700 முதல் 6,900 வரும். மிச்சம் 1,600 டாலரில் முன்னே பின்னே. ரூபாயில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்.

இப்போது ஸ்டுட்கார்ட். 65,000 என்றால் மாதம் 5,400 சொச்சம் யூரோ. இதில் ஓய்வூதியம், வேலையின்மை, மருத்துவம், முதியோர் பராமரிப்பு என்று நான்கு காப்பீட்டுக்கு மட்டும் 1,100க்கு மேல் போய்விடும், அதற்கு மேல் வருமான வரி. பார்த்ததும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது, முதன்முதலில் ஒரு வாடிக்கையாளரின் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது. ஆனால் அந்த 1,100க்குள் என்ன இருக்கிறது பாருங்கள். வேலை பார்க்காத கணவருக்கும் மகளுக்கும் தனிப் பிரீமியம் இல்லாமல் அதே மருத்துவக் காப்பீடு. ஓராண்டு கட்டிய பிறகு வேலை போனால், பிள்ளை உள்ளவர்களுக்கு நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம் சில மாதங்களுக்கு வரும். ஐந்து ஆண்டு நிறைந்தால் ஓய்வூதிய உரிமை. இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் முதல் நடப்பில் இருப்பதால் அந்த ஓய்வூதியத்தைக் கோவையில் உட்கார்ந்தும் வாங்கலாம். சிங்கப்பூர்க் கணக்கில் இந்தப் பலன்களுக்கு எதிரே எதுவும் இல்லை.

கணவரும் உங்களோடு அங்கே குடியிருந்து, நீங்கள் தம்பதியருக்குக் குறைவாக வரி பிடிக்கும் மூன்றாம் வரி வகுப்பில் இருந்தால் கைக்கு 3,750 யூரோ அளவில் வரும். மகளுக்காக அரசு தரும் கிண்டர்கெல்ட் மாதம் 250க்குச் சற்று மேல். ஆக 4,000. நீங்கள் முதலில் தனியாகப் போய், குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். கணவர் கோவையில் இருக்கும்வரை உங்களுக்கு முதல் வரி வகுப்புதான், மாதம் 400 யூரோ குறைவாக வரும். ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 31க்குள் அவர் அங்கே வந்து குடியேறிவிட்டால், ஆண்டுக் கடைசி வரிக் கணக்கைக் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். டிசம்பர் 20க்கு டிக்கெட் போடுவதா, ஜனவரி 5க்கா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

வாடகை விளம்பரத்தில் இரண்டு எண் இருக்கும். ஒன்று கால்ட்மீட்டே, வெறும் சுவருக்கான வாடகை. இன்னொன்று வார்ம்மீட்டே, வெப்பமூட்டல், தண்ணீர், மாடிப்படி விளக்கு, குப்பை எல்லாம் சேர்த்து. இரண்டாவதைப் பாருங்கள். ஸ்டுட்கார்ட்டில் இரண்டு படுக்கையறைக்கு 1,500 வைக்கிறேன். மின்சாரம், இணையம், போன், வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய ஒலிபரப்புக் கட்டணம் 18.36 எல்லாம் சேர்ந்து 180. மளிகை 650. பயணச் சீட்டு இருவருக்கும் 130. பள்ளிக் கட்டணம் கிடையாது. ஆனால் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகான பராமரிப்புக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் 200. ஊர்ப் பயணம், குளிர்காலத் துணி, இதர செலவு 500. கூட்டினால் 3,160. மிச்சம் 850 யூரோ அளவில். ரூபாயில் 85,000 பக்கம்.

ஒரு லட்சம் சொச்சத்துக்கும் 85,000க்கும் இடையே வித்தியாசம் 20,000 சொச்சம்தான். நீங்கள் இரண்டு சம்பளத்தையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தபோது இது தெரிந்திருக்காது. எந்தப் பக்கம் போனாலும் வீட்டுத் தவணை 38,000 கட்டி மேலே ஏதோ மிஞ்சும். அப்புறம் முடிவை எது தீர்மானிக்கும்?

உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போய்விட்டார். சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் மனிதர். அவர் அங்கே போய் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. பதினெட்டு ஆண்டாக இந்த வேலையில் இருக்கிறேன், வெளிநாடு போய் ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ திரும்பிய குடும்பங்களில் பணம் போதாமல் திரும்பியவர்கள் குறைவு. கூடப் போனவருக்கு வேலையில்லாமல், பகல் முழுக்க நான்கு சுவருக்குள் இருந்து, வீட்டில் தினம் சண்டையாகித் திரும்பியவர்களே அதிகம். கூடப் போனவர் ஆணாக இருந்தால் சொந்தக்காரர்களின் நாக்கும் சேர்ந்துகொள்ளும்.

சிங்கப்பூரில் அவர் ஊழியரின் குடும்பத்தினருக்கான டிபென்டன்ட்ஸ் பாஸில் வருவார். 2021 மே மாதத்திலிருந்து அந்தப் பாஸை வைத்துக்கொண்டு அப்படியே வேலைக்குப் போக முடியாது, தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்க வேண்டும். பிசியோதெரபி அங்கே பதிவு கட்டாயமான தொழில், அதற்குத் தனிக் கவுன்சில் இருக்கிறது. வேலை தரத் தயாராக ஒரு மருத்துவமனை முதலில் கிடைக்க வேண்டும். கிடைத்து, பதிவும் அனுமதியும் முடிந்துவிட்டால் மொழித் தடை இல்லை, நேராக வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் வீட்டில்தான்.

ஜெர்மனியில் நீங்கள் படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான புளூ கார்டு அனுமதியில் போவீர்கள் என்றால், அவர் குடும்ப விசாவுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்த நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கும் உரிமை உண்டு. ஆனால் பிசியோதெரபிஸ்டாகவே வேலை பார்க்க, படிப்பை அங்கீகரிக்க விண்ணப்பித்து, மொழித் தேர்ச்சியின் ஆறு படிகளில் நான்காவதான பி2 நிலை ஜெர்மனும் காட்ட வேண்டும். பி2 என்பது ஆறு மாதக் கோடை வகுப்பு அல்ல. மற்ற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தாலும் ஓராண்டு, சாதாரணமாக ஒன்றரை ஆண்டு. அங்கே அந்தத் தொழிலுக்கு ஆள் பற்றாக்குறை இருக்கிறது, படி ஏறிவிட்டால் இரண்டாவது சம்பளம் வரும், வீட்டுக் கணக்கே மாறிவிடும். ஏறும் அந்த ஒன்றரை ஆண்டை அவர் எப்படித் தாங்குவார் என்பதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "நீ போனா நானும் வர்றேன்" என்று சொல்லியிருந்தால் அது பதில் இல்லை. ஜெர்மன் வகுப்புக்குப் போய் இரண்டு வாரம் உட்கார்ந்து வரட்டும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து உங்கள் அத்தை. சிங்கப்பூரில் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்க ஊழியரின் மாதச் சம்பளம் 12,000 டாலராவது இருக்க வேண்டும். உங்களுக்கு 9,000. ஆக, வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் திறன் தொழிலாளர்கள் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் அழைக்க ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் அவரது வாழ்க்கைச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் முழுக்க நீங்கள் காட்ட வேண்டும். சர்க்கரை உள்ள வயதானவருக்குப் பொதுக் காப்பீட்டில் இடம் கிடைப்பது மிகக் கடினம், தனியார் காப்பீடு கையைக் கடிக்கும். இரண்டு ஊரிலும் அவர் கோவையில் தங்குவார் என்றே கணக்குப் போடுங்கள். பகலில் ஒரு ஆள், மருத்துவச் செலவு, அவசரத்துக்கு ஓடி வர ஒரு தொகை என்று மாதம் 25,000 ரூபாய் இரண்டு பக்கமும் கழியுங்கள். ஓடி வருவதில் மட்டும் சிங்கப்பூர் தெளிவாக முந்துகிறது. கோவையிலிருந்தே நேரடி விமானம், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்பினால் எங்காவது விமானம் மாறி, வீடு வந்து சேர ஒரு நாள் ஆகிவிடும்.

மகள் விஷயத்தில் கேள்வியே வேறு. எத்தனை ஆண்டு இருக்கப் போகிறீர்கள்? சிங்கப்பூரில் இந்தியப் பள்ளியில் படித்தால் எந்த ஆண்டு திரும்பினாலும் இங்கே அடுத்த வகுப்பில் உட்கார்ந்துவிடலாம். ஜெர்மனியில் பள்ளி கட்டாயம், வீட்டில் வைத்துச் சொல்லித் தர அனுமதி இல்லை, பாடம் ஜெர்மனில். முதலில் மொழி கற்றுக்கொள்ள ஆயத்த வகுப்பில் போடுவார்கள். ஏழு வயதுக் குழந்தை ஓராண்டில் பேசிவிடும், அதில் எனக்குக் கவலை இல்லை. கவலை நான்காம் வகுப்பில். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகப் பாதைக்கான ஜிம்னாசியமா, வேறு பள்ளியா என்று. உங்கள் மகளுக்கு அதற்குள் இரண்டு ஆண்டு சொச்சம்தான் கிடைக்கும். பின்னால் மாறிக்கொள்ளவும் வழி உண்டு, ஆனாலும் அந்த நேரத்தில் நீங்கள் பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் ஜெர்மனில் பேச வேண்டியிருக்கும். மூன்றே ஆண்டில் திரும்புவதாக இருந்தால், ஜெர்மனில் எழுதப் படிக்கப் பழகிய பிள்ளையைக் கோவையில் ஐந்தாம் வகுப்பில் கொண்டுவந்து விடுவீர்கள். அவளுக்குத் தலைசுற்றும்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நீங்கள் "தரம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஸ்டுட்கார்ட்டில் வீட்டுச் சாவி வாங்கி உள்ளே போனார். சமையலறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயும் ஒரு மின் இணைப்பும் மட்டும். அடுப்பு இல்லை, தொட்டி இல்லை, அலமாரி இல்லை, கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு வயர். முன்பு இருந்தவர் தம் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார், அங்கே அது வழக்கம். மூன்று வாரம் குக்கரைத் தரையில் வைத்து, மின் அடுப்பில் சமைத்தார்கள். முன்பணமும் மூன்று மாதக் கால்ட்மீட்டே வரை கேட்பார்கள். அதனால் ஸ்டுட்கார்ட் என்றால் முதல் இரண்டு மாதத்துக்கு 8,000 யூரோ கையிருப்பு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. சத்தமும் கூடாது, மாவு அரைப்பதைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிக்கே உரிய கேர்வோக்கெ என்று ஒன்று உண்டு, குடியிருப்பில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் முறை வைத்துப் பொது மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். மறந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி மறக்க மாட்டார். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும், மாலை நாலரைக்கு இருட்டிவிடும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, நல்லெண்ணெய் வரைக்கும் கிடைக்கும். சிங்கப்பூரில் இந்தத் தேடலே இல்லை. தேக்கா சந்தையில் வாழை இலை வாங்கிக்கொண்டு, அறிவிப்புப் பலகையைத் தமிழில் படித்துக்கொண்டு வரலாம். தீபாவளிக்கு அரசு விடுமுறை. ஊரை விட்டு வந்த ஏக்கம் பாதியாகக் குறையும்.

ஆனால் அங்கே வேலை போனால்? உங்கள் வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தான பிறகு பொதுவாக 30 நாள்தான் அங்கே தங்கலாம். வீட்டு ஒப்பந்தம், பள்ளி, சாமான் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க வேண்டும். அது மட்டுமல்ல, அந்தப் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வயதோடு ஏறுகிறது. 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள அளவுப்படி இளையவர்களுக்கு 5,600 டாலரில் தொடங்கி 45 வயதில் 10,700 வரை போகிறது. உங்களுக்கு இப்போது 34. பாஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் சம்பளம் வயதை விட வேகமாக ஓடியிருக்க வேண்டும். ஜெர்மனியில் புளூ கார்டோடு பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். அதன் பிறகு வேலை போனாலும் நாட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு நழுவுவது எனக்குப் பிடிக்காது. மூன்று நான்கு ஆண்டு உழைத்து, கடனை அடைத்து, அத்தைக்கு அருகிலேயே இருந்து, கோவைக்குத் திரும்புவதுதான் எண்ணம் என்றால் சிங்கப்பூர். திரும்பும் ஆண்டை இப்போதே நாட்காட்டியில் குறித்து, கிளினிக்கை விற்காமல் ஒரு ஜூனியரிடம் நடத்தக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இருப்போம், கணவர் மனதார ஜெர்மன் படிக்கத் தயார் என்றால் ஸ்டுட்கார்ட். உங்கள் வயதையும் துறையையும் அவருடைய தொழிலையும் சேர்த்துப் பார்த்தால் என் மனம் ஸ்டுட்கார்ட் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்த இரண்டாவது நிபந்தனை இல்லாமல் அல்ல.

இந்த 15 நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஸ்டுட்கார்ட் நிறுவனத்துக்கு எழுதி, முதல் இரண்டு மாதம் தற்காலிக வீடு தருவார்களா, இடம்பெயரும் செலவு தருவார்களா, கணவரின் மொழி வகுப்புக்கு உதவி உண்டா என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள், அங்கே இதெல்லாம் வழக்கமான பேச்சு. சிங்கப்பூர் நிறுவனத்திடம் குடும்பக் காப்பீடும், 9,000 என்பது நிலைச் சம்பளமா, போனஸ் சேர்த்தா என்பதும். எங்கே போனாலும் கிளம்பும் தேதியை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரிச் சிக்கல் வராது. வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவும் மறக்காதீர்கள், வீட்டுத் தவணை அதிலிருந்து போகும்.

கணவர் வகுப்புக்குப் போய் வந்ததும், இரண்டு நிறுவனத்தின் பதிலும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்களை மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம்.